இளவரசனுக்கு மீசை

"எந்நேரமும் பூதம், பறக்குற குதிரைன்னு எழுதிட்டே இருந்தா வீட்டை யார் பாக்கறது?" என்று கரித்துக் கொட்டியவள்தான் எழுத்தாளரின் மனைவி. இப்போதோ கடைக்குப் போவது, ஒழுகும் குழாயைச் சரிசெய்வது எல்லாவற்றையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவரை மேசைக்கு விரட்டினாள்.

அன்று பதிப்பாளர் போன் செய்தார். "நாவல் எந்த அளவுல இருக்கு சார்?"

"இன்னும் ஒரே அத்தியாயம்தான். இளவரசன் கோட்டையைப் பிடிச்சதும் முடிஞ்சிடும்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "முடிக்காதீங்க."

"ஏன்மா? இப்பவே மூணு பாகம் ஆயிடுச்சு. படிக்கறவங்களுக்கு அலுத்துப் போயிடும்."

"அலுத்தா அலுக்கட்டும். இன்னொரு கடலைத் தாண்ட விடுங்க. காட்டுல நல்லா தூங்கினானா, வயிறாரச் சாப்பிட்டானா, அதையெல்லாம் எழுதுங்க."

பள்ளி வேன் விபத்தில் பறிகொடுத்த மகனின் தெற்றுப்பல்லையும் திக்கிப் பேசும் பேச்சையும்தான் அவர் இளவரசனுக்குக் கொடுத்திருந்தார். அதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை.

"கதையில அவனுக்கு இன்னும் மீசைகூட முளைக்கலைங்க" என்றாள் அவள். "அதையாவது நான் பாத்துடறேனே."