இரவல் விரல்

வாரந்தோறும் வெறும் வயிற்றில் பரிசோதனைக் கருவிக்கு ஒரு சொட்டு ரத்தம் தராவிட்டால், வீட்டிலிருக்கும் அலுவலகக் கணினி திறக்காது. நிறைமதிக்குக் காலையில் பசி தாங்காது. சமையலுக்கு வரும் செங்கமலம் எப்போதும் சாப்பிடாமல்தான் வருவாள். அதனால், எதற்கென்று கேட்காமல் அவள் நீட்டும் விரலே கருவிக்குப் பழகியது.

'சர்க்கரை அதிகம்' என்று எச்சரிக்கை வரும்போதெல்லாம், தனக்கில்லையே என்று நிறைமதி மூடிவிடுவாள்.

இன்று அலுவலக மருத்துவரே திரையில் வந்துவிட்டார். "எத்தனை தடவைம்மா சொல்றது? கிட்னி போயிட்டிருக்கு. அப்புறமும் வேலை, வேலைன்னா எப்படி?"

செங்கமலம் பதறிப்போய் ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, உங்களுக்கா? இனிமே இனிப்பையே தொடக் கூடாது, ஆமா!"

நிறைமதிக்குச் சர்க்கரையில்லாத காபியை வைத்துவிட்டு, தன் டம்ளரில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டாள்.

நிறைமதி அதைப் பிடுங்கினாள்.

"அது உன் ரத்தம், செங்கமலம்" என்றாள், தரையைப் பார்த்தபடி.