விட்டு விட்டு வந்த கோடு

கொழும்பிலிருந்து கொம்பியூட்டரில் வந்த தேயிலைத் தோட்டத்து வரைபடத்தை, ஹட்டன் அலுவலகத்துப் புது இயந்திரம் பச்சைப் பேனா பிடித்துத் தாளில் வரைந்து முடித்தது.

தரை கூட்டிக்கொண்டிருந்த கஸ்பர் எட்டிப் பார்த்தார். "எங்க லயம் எதுங்க மிஸ்?"

படத்தில் விரல் வைத்துக் காட்டப்போன கிளார்க் பவுலின் திகைத்தாள். முழுக் கோடு என்றால் கட்டடம் இருக்கும். விட்டு விட்டு வந்தால் இடிபடும். இயந்திரம் கடைசியாக வரைந்த, கஸ்பர் குடியிருக்கும் ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகள் விட்டு விட்டுத்தான் வந்திருந்தன.

"அப்ப எல்லாரும் பேசிக்கிட்ட மாதிரி இடிக்கத்தான் போறாங்களா? பன்னெண்டு குடும்பமும் எங்கங்க போறது?"

"பத்து மணிக்கு எஞ்சினியர் துரை கையெழுத்துப் போட வந்துருவாரு, அண்ணே. படத்துல உள்ளதுதான் அவருக்கு வேதம்."

கஸ்பர் சிலுவை போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நேத்து நீங்க எழுதிக் குடுத்த மனுவ அவரு கால்ல வச்சுக் கேக்குறேன்."

'எங்கள் லயத்தை இடிக்க வேண்டாம்' என்ற பச்சை எழுத்துகளைப் பவுலின் பார்த்தாள். கடைசி வரி மங்கி, விட்டு விட்டு வந்திருந்தது.

ஓடிப்போய் இயந்திரத்தில் புதுப் பேனாவை மாட்டி, மறுபடி வரைய விட்டாள். லயம் முழுக் கோடாக விழுந்தது.

"மனு எழுத மெசின் பேனாவத்தான் எடுத்தேன், அண்ணே. மை தீந்திருக்கு. என்னாலதான் இவ்வளவும்."

கஸ்பர் மனுவைப் பத்திரமாக மடித்தார். "நீங்க இத எழுதிக் குடுக்காட்டி, மை தீந்தது யாருக்குத் தெரிஞ்சிருக்கும் மிஸ்?"