ஓடாத இடம்

மகள் அபர்ணாவை மறுபடியும் கோல்கீப்பராகவே நிறுத்திவிட்டார்கள் என்றதும் ஜீப் டிரைவர் சுடலைமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே கோச்சிடம் போனார்.

"ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நட்டு வச்சா பிள்ளை எப்பிடி சார் ஓடிப் பழகும்? மிட்ஃபீல்டுல விடுங்க."

"அங்க ஆறு கிலோமீட்டர் ஓடணும் அண்ணே, தாங்க மாட்டா. கோல்கீப்பருக்கு ரெண்டே போதும். இன்னைக்கு எல்லாருக்கும் ஓடுற தூரத்தைப் போன்ல காட்டுற மீட்டர் கட்டியிருக்கேன். நீங்களே பாருங்க."

மூணாறு டவுனுக்கு ஒரு சவாரி போய்த் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. கோச் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர் கோளாறு அண்ணே. மிட்ஃபீல்டுக்கு ஆறு, சரி. உங்க மகளுக்கு ஏழு காட்டுது."

அபர்ணா முழங்காலில் ஒட்டியிருந்த தேயிலையைத் தட்டிவிட்டாள்.

"கோளாறு இல்ல சார். கோலுக்குப் பின்னால பந்து சரிவுல உருண்டா நீங்க எல்லாரும் தண்ணி குடிப்பீங்க. தேயிலைக்குள்ள இறங்கி எடுத்துட்டு வாரது நான்தானே?"