குழுவில் போடாதே

“இதை எழுதியது யார்?” என்று ரங்கராஜன் கேட்டார். யார் என்பது அந்த மீட்டிங் அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

ரோஹிணி எழுந்து நின்றாள்.

வங்காளத் தலைநகரில், டல்ஹௌசி வட்டாரத்தில் உள்ள அந்தத் தேயிலை ஏற்றுமதிக் கம்பெனிக்கு ரங்கராஜன் ஜெனரல் மேனேஜர். ரோஹிணி, ஆபீஸ் சாட்டில் ஓர் ஏஐ ஏஜென்ட்டைப் பழக்குவதற்காக வந்தவள். தற்காலிக வேலை, இந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்குவதா, டாட்டா சொல்லி அனுப்புவதா என்பது ரங்கராஜன் கையில்தான் இருந்தது.

இருவரும் அதே ஊரின் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள்; ஆபீசில் மற்றவர்கள் எல்லாம் வங்காளிகள். அதனால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. சொந்த பாஷைக்காரிக்குச் சலுகை காட்டுகிறார் என்று வங்காளிகள் சொல்லிவிடக் கூடாதே என்று, அவளை மட்டும் எப்போதும் கொஞ்சம் சேர்த்தே திட்டுவார்.

ஏஜென்ட்டின் வேலை சின்னதுதான். வெளியே போகிற மெயில்களை முன்கூட்டியே படித்து, தப்பு இருந்தால் சாட்டில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அதனிடம் இரண்டு டூல்கள். ஒன்று, ஆபீஸ் முழுக்க இருக்கிற பொதுக் குழுவில் போடுவது. இன்னொன்று, ஆளுக்குத் தனியாக அனுப்புவது. எதை எப்போது எடுப்பது என்று அதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு டூலுக்கும் கீழே நாம் எழுதி வைக்கிற விளக்கத்தைப் படித்துத்தான் முடிவு செய்யும்.

முதலில் இரண்டுக்குமே ‘ஊழியர்களுக்குத் தகவல் அனுப்ப’ என்று ஒரே வரிதான் இருந்தது. அது பாவம், என்ன செய்யும்? கைக்கு வந்ததை எடுத்தது. எல்லோரும் தபன்தா என்று கூப்பிடுகிற சீனியர் கிளார்க் ஒருநாள் ஒரு மெயிலில் பெட்டிகளின் எடையைத் தப்பாகப் போட்டுவிட்டார். அதை ஏஜென்ட், முதலாளி உட்பட சகலரும் பார்க்கும்படி பொதுக் குழுவில் அறிவித்துவிட்டது. தபன்தா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

உடனே ரோஹிணி விளக்கங்களை மாற்றி எழுதினாள். அதைத்தான் ரங்கராஜன் இப்போது திரையில் போட்டு, எல்லோர் முன்னாலும் ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார்.

பொதுக் குழு: விடுமுறை, கூட்டம் போன்ற பொது அறிவிப்புகளுக்கு மட்டும். ஒருவருடைய தவறைச் சொல்ல இதை எடுக்காதே. பிறகு அழித்தாலும், பார்த்தவர்கள் பார்த்ததுதான். தவறு என்றால் தனியாக அனுப்பு, செய்தவருக்கு மட்டும் சொல். அவர் திருத்தும்வரை மெயிலை நிறுத்தி வை.

“இது டூலுக்கு எழுதிய விளக்கமா, குழந்தைக்குச் சொல்லும் புத்திமதியா?” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தபன்தா சிரிக்கவில்லை.

மனிதருக்கு வெட்கம் என்றால் என்னவென்று தெரியும், அரை வரி போதும் என்று ரோஹிணி மெதுவாகச் சொன்னாள். ஏஜென்ட்டுக்கு நாம் எழுதியது மட்டும்தான் தெரியும். எதற்கு எடுக்க வேண்டும் என்பதோடு எதற்கு எடுக்கக் கூடாது என்பதையும் எழுதினால்தான் அதற்கு விளங்கும் என்றாள்.

ரங்கராஜன் மசியவில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால்தான் பயம் வரும், பயம் வந்தால்தான் தப்பு குறையும் என்றார். தப்பை மூடி மறைக்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்றும், சாயங்காலத்துக்குள் அவள் அதை மாற்றாவிட்டால் அடுத்த வாரம் வேறு ஆள் வந்து மாற்றுவார் என்றும் சொன்னார்.

“சரி, இதனால் ஆபீசுக்கு நல்லது என்பதற்கு ஓர் உதாரணம் சொல். ஒன்றே ஒன்று.”

ரோஹிணி வாயைத் திறந்தாள். அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

“இப்போது எதுவும் இல்லை, ஸார்” என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஓர் உதாரணம்கூட இல்லாதவளுக்கு வாய் மட்டும் நீளம் என்று நினைத்துக்கொண்டே ரங்கராஜன் தன் அறைக்குப் போனார். டீ வரவழைத்துக் குடித்தார். சாவகாசமாக ஆபீஸ் சாட்டைத் திறந்தார்.

ஏஜென்ட்டிடமிருந்து ஒரு தனிச் செய்தி காத்திருந்தது. மீட்டிங்குக்கு முன்பே வந்திருக்கிறது, அவர்தான் கவனிக்கவில்லை.

‘ஹாம்பர்க் வியாபாரிக்கு நீங்கள் எழுதிய மெயிலில், லண்டன் வியாபாரியின் விலைப்பட்டியல் இணைந்திருக்கிறது. மெயிலை நிறுத்தி வைத்திருக்கிறேன்.’

அவர் இணைப்பைத் திறந்து பார்த்தார்; லண்டன் பட்டியலேதான். ஒருவருக்குக் கொடுக்கிற விலை இன்னொருவருக்குத் தெரிந்தால் இரண்டு பேருமே கை நழுவிப் போவார்கள். இது மட்டும் பொதுக் குழுவில் வந்திருந்தால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? தபன்தா முகத்தில் எப்படி விழிப்பது? அவசர அவசரமாகச் சரியான பட்டியலை இணைத்து மெயிலை அனுப்பினார். போன உயிர் திரும்பி வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோஹிணியின் மேஜைக்குப் போனார். நிதானமாக யோசித்துப் பார்த்ததாகவும், ஊழியர்களின் மனசும் முக்கியம் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் எழுதியது அப்படியே இருக்கட்டும், வேலையும் நிரந்தரம்தான் என்றார். தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது.

ரோஹிணி நன்றி சொன்னாள். பிறகு, பக்கத்து மேஜையில் தபன்தா இருப்பதைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துத் தமிழுக்கு மாறினாள்.

“ஹாம்பர்க் மெயில்ல ஷீட்டை மாத்திட்டேளா, ஸார்? ஏஜென்ட்டைச் சோதிச்சு முடிக்கிற வரைக்கும் அது அனுப்பறதெல்லாம் எனக்கும் ஒரு காப்பி வரும். காலைலயே பார்த்துட்டேன்.”

ரங்கராஜனுக்கு நின்ற இடத்திலேயே வியர்த்தது. அவரும் குரலைத் தணித்துத் தமிழுக்கு மாறினார்.

“அவ்வளவு திட்டினேனேம்மா. உதாரணம் கேட்டப்போ இதைச் சொல்லியிருந்தா, நான் வாயே திறந்திருக்க முடியாதே.”

“அது தனியா சொல்ற விஷயம், ஸார்” என்றாள் ரோஹிணி.