ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த ‘சாப்பிடக் கூடாதவை’ தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அச்சில் இருப்பது நாலே நாலு: சிப்ஸ், கோலா, எக் ரோல், சாக்லேட். அதன் கீழே, ஹம்சினி முத்து முத்தாக எழுதிச் சேர்த்தவை: உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இட்லி, சாதம். லேக் மார்க்கெட்டுக்கு மேலே வானம் கறுத்துக் கிடக்க, காலையிலேயே விளக்கு எரிகிறது. மகளின் யூனிஃபார்ம் பாவாடையை இடுப்பில் இழுத்துப் பிடித்து ஊக்கு குத்துகிறாள் ஜலஜா. இது மூன்றாவது ஊக்கு. “ஏண்டி, இட்லி என்ன பாவம் பண்ணித்து?” “மிஸ் நேத்திக்கு, வெயிட் கொறைஞ்சிருக்குன்னு என்னை நிக்கவெச்சு, எல்லாரையும் கைதட்டச் சொன்னாம்மா.” ஹம்சினி பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிறாள். “இன்னும் எழுத என்னடி மிச்சம் இருக்கு?” “பால் இருக்கேம்மா.”