குறுக்கே வந்த மாடு

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிக்காரர் பொன்னுரங்கம் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவருடைய மயிலைக்காளை பக்கத்தில் நின்ற காரிடம் பேச்சுக் கொடுத்தது.

"உங்க ஆளும் தூங்குறாரா? தலை நிமிரவே காணோமே."

"போன் பார்க்கிறாருப்பா. ஓட்டும்போதும் இப்படித்தான்."

"அதனால என்ன? எங்க ஆள் தூங்கினா நான் பாதையைப் பார்த்துப் போறேன். நீயும் அப்படித்தானே?"

"எனக்கு ஏதுப்பா கண்ணு?"

"முன்னாடி பெருசா ரெண்டு இருக்கே!"

"அது வெறும் லைட்டு."

கேட் திறந்ததுதான் தாமதம், காளை வண்டியோடு ரோட்டை விட்டே இறங்கிப் பொட்டலில் போய் நின்றுகொண்டது.

கொஞ்ச தூரத்தில் டமாரென்று சத்தம். கார் புளியமரத்தில் முட்டி நின்றது. அதன் ஆள் புடைத்த நெற்றியைத் தடவியபடி போனில் சொன்னார்:

"ஒண்ணுமில்லம்மா, ஒரு மாடு குறுக்கே வந்துடுச்சு."