காளி லினக்ஸ் கேட்ட டீச்சர்

“ஹேக்கிங் பண்றவங்க போட்டுக்கிற சாஃப்ட்வேர் டீச்சர் இது. உங்களுக்கு எதுக்கு?”

மேஜையில் இருந்த லேப்டாப்பைத் தொடாமலே கேட்டார் கரீம். சேலையூர் கேம்ப் ரோட்டில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். காளி லினக்ஸ் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் மீசை அரும்பும் காலேஜ் பிள்ளைகள். ஐம்பது வயதில், காட்டன் புடவையும் சிலுவை டாலருமாக இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

“படிக்கப் போறேன் பாய். செக்யூரிட்டி கோர்ஸ்” என்றார் ஈவ்லின் டீச்சர்.

“எந்த இன்ஸ்டிட்யூட்?”

“ஆன்லைன்ல.”

மனப்பாடம் செய்த பதில் மாதிரி இருந்தது. கரீமுக்கு ஒரு தரம் சந்தேகம் வந்துவிட்டால் டீ கூடத் தொண்டையில் இறங்காது. அதற்குக் காரணமும் உண்டு. போன வருடம் இதே லினக்ஸைப் போட்டுக்கொண்டு போன ஒருவன், பக்கத்து வீட்டு வைஃபைக்குள் புகுந்து ஏதோ செய்துவிட்டான். மூன்று நாள் ஸ்டேஷனுக்கு அலைந்தது கரீம். ‘இன்னொரு தடவை போலீஸ் வந்துச்சுன்னா கடையைப் பூட்டிட்டுக் கெளம்பிடுங்க’ என்று கட்டிட ஓனர் சொல்லியிருந்தார்.

முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கரீமின் மகள் அஜீசாவுக்கு ப்ளஸ் டூவில் கணக்குப் பாடம் எடுத்தவர் இந்த டீச்சர்.

“லெட்டர் எழுதிக் குடுங்க. இத வெச்சு எந்தத் தப்பு நடந்தாலும் நானே பொறுப்புன்னு. ஆதார் ஜெராக்ஸும் வேணும்.”

டீச்சர் மறுபேச்சுப் பேசாமல் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவ்வளவு சுலபமாகக் கொடுத்ததும் கரீமுக்கு உறுத்தியது.

பென் டிரைவைச் சொருகினார். “உள்ள ஏதாச்சும் ஃபைல் இருந்தா எடுத்து வெச்சுடவா?”

“ஒண்ணும் வேணாம். என்கிரிப்ஷனோட போடுங்க பாய். முழு டிஸ்க்கையும் அழிச்சுட்டுத்தானே போடும், அந்த மாதிரி.”

கரீம் நிமிர்ந்து பார்த்தார். கோர்ஸே ஆரம்பிக்காதவருக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

“டைம் ஆவும் டீச்சர். விலை கம்மி லேப்டாப், மெதுவாத்தான் போவும்.”

“இருக்கேன். ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டேன்.”

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் ஏறும் சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் டீச்சர். போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் கட் செய்தார்.

“யாரு?”

“என் பொண்ணு சுஜி. இங்க வந்தது அவளுக்குத் தெரியாது.”

இப்போது கரீமுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகளை வேவு பார்க்கக் கிளம்பியிருக்கிறார்.

“சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க டீச்சர். பெத்த பொண்ணா இருந்தாலும், அது போன்ல பூந்து பாத்தா கேஸ்தான்.”

டீச்சரின் கண்கள் கலங்கின. ஆளைப் பிடித்துவிட்டோம் என்று கரீமுக்குத் திருப்தியாக இருந்தாலும், பாவமாகவும் இருந்தது.

ஒரு வழியாக நூறு சதவீதம் வந்தது.

“அழிச்சு முடிச்சிடுச்சு. பாஸ்வேர்டு என்ன வைக்க?”

“பழசு எதையும் இனிமே யாராலயும் எடுக்க முடியாதில்ல?”

“நானே நெனைச்சாலும் முடியாது.”

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கேட்ட கூலியை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

“டீச்சர், இன்னும் லினக்ஸே ஏத்தல. லேப்டாப்பையும் விட்டுட்டுப் போறீங்க.”

“அது எங்க மாடில வாடகைக்கு இருக்கிற ஜாய்சனோடது பாய். தேடிக்கிட்டு வந்தா குடுத்துடுங்க. சுஜியோட போட்டோவைக் காட்டி இனிமே அவளை மிரட்ட முடியாதுன்னும் சொல்லிடுங்க.”